சுவரில் படிந்த கறை

இல்லம் பேணும் பகுதி



இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சிலருக்கு மிகச் சிறியதாகத் தோன்றக்கூடும். சுவரில் கறை படிந்தால் துடைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே, இதற்கு ஒரு கட்டுரையும் வேண்டுமா என்று கேட்பாரும் உளர். ஆனால் பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வந்து வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மவர்க்குச் சுவர் என்பது பிறர் பொருள். அதில் படியும் கறை முன்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோகும். சில வேளைகளில் நல்ல பெயரையும் கொண்டுபோகும். அன்றியும், கறையைப் போக்கப் போய் உடல்நலத்தைப் போக்கிக்கொள்ளும் ஆபத்தும் இதில் உண்டு. ஆகவே சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

இதனை எழுதத் தூண்டியது அண்மையில் நாம் நேரில் கண்ட ஒரு வழக்கு. அது நீதிமன்றம் வரை போகவில்லை. ஒரு வீட்டுக் கூடத்திலேயே முடிந்தது. ஆயினும் இடையில் அது காணிப்பாக்கத்துப் பிள்ளையார் சந்நிதி வரை போகப் பார்த்தது!

காணிப்பாக்கத்தைப் பற்றி இவ்வட்டாரத்தில் வாழும் நம்மவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. எனினும் புதிதாக வந்த குடும்பங்களுக்காகச் சில சொற்கள். சித்தூரிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் அது. அங்கே கிணற்று நீரினிடையே தானாகத் தோன்றியவராக வரசித்தி விநாயகர் வழிபடப்படுகின்றார். 11ஆம் நூற்றாண்டில் முதற் குலோத்துங்க சோழன் எடுப்பித்த கோயில் என்பர். விநாயக சதுர்த்தியன்று தொடங்கி 21 நாள்கள் அங்கே பெருவிழா நடைபெறும். அத்தலத்துக்குரிய மற்றொரு சிறப்பு, சத்தியம் செய்தல். கொடுக்கல் வாங்கலில் பிணக்கு நேர்ந்தால், "காணிப்பாக்கத்துக்கு வந்து சத்தியம் செய்" என்று இவ்வூர்களில் ஒருவர் மற்றவரை அழைப்பது நெடுநாளைய வழக்கம். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் தண்டனையினின்று தப்பான் என்பது மக்களின் நம்பிக்கை.

இனி வழக்கைச் சொல்வோம். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த நம்மவர் குடும்பம் ஒன்று, காணிப்பாக்கம் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு வீட்டின் மேல்மாடியில் மூன்றாண்டுகளாகக் குடியிருந்தது. வீட்டுக்காரர் தெலுங்கு பேசும் முதியவர், தமிழும் நன்கறிந்தவர். தம் மகளின் திருமணத்தின்போது கூடத்தின் ஒரு சுவருக்குப் பூப்போட்ட சுவர்த்தாள் ஒட்டியிருந்தார். கடைக்காரர்கள் வால்பேப்பர் என்று விற்கிறார்களே, அதுதான். அந்தச் சுவரை ஒட்டியே நம் சகோதரி சாமிப் பலகை அமைத்து நாள்தோறும் விளக்கேற்றி வந்தார். இப்போது கணவருக்கு வேற்றூர் மாற்றல். வீட்டைக் காலி செய்யும் நேரத்தில் முதியவர் மாடிக்கு வந்து பார்த்தார். விளக்குக்கு மேலே கருமையும் எண்ணெய்ப் பிசுக்கும். அதற்கு மேலே, கூரையை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய கறை. "இத்தனையும் உங்கள் விளக்கால் வந்த மரக, சுவர் முழுவதும் புதிதாக ஒட்டவேண்டும், முன்பணத்தில் கழித்துக்கொள்வேன்" என்றார். மரக என்பது தெலுங்கில் கறை. "இத்தனையும் உங்கள் மொட்டைமாடி ஒழுக்கால் வந்தது, ஒரு காசும் கழிக்கக்கூடாது" என்றார் நம் சகோதரர். சொல் வளர்ந்தது. முடிவில், "காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்வீர்களா?" என்று ஒருவர் கேட்க, "நாளைக்கே வருகிறேன்" என்றார் மற்றவர்.

அன்று மாலை அச்சகோதரி கண் கலங்கி நம் வீட்டுக்கு வந்தார். மூன்று மாத வாடகை அந்த முன்பணம். புதிய ஊரில் வீடு பிடிக்க அதையே நம்பியிருந்தார்கள். "அக்கா, பணம் போனாலும் போகட்டும், சாமி முன்னால் சத்தியம் என்கிறார்களே, அதுதான் பயமாக இருக்கிறது" என்றார். அவர் ஏன் அப்படி அஞ்சினார் என்பது அப்போது நமக்கு விளங்கவில்லை.

மறுநாள் சென்று சுவரைப் பார்த்தோம். கறையைப் போக்குமுன் அது என்ன கறை என்று அறிதல் வேண்டும். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுக்கலாகாது அன்றோ? அவ்வீட்டில் நாம் செய்த மூன்று சோதனைகளை யாவரும் செய்யலாம்.

முதலாவது, மெல்லிய வெள்ளைத் தாளைக் கறையின்மேல் வைத்து, நீராவி இன்றி மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில விநாடிகள் ஒற்றினோம். விளக்குக்கு மேலிருந்த கறையிலிருந்து தாளில் ஒளி ஊடுருவும் புள்ளிகள் ஏறின. ஒரு மணி நேரம் கழித்தும் அவை மறையவில்லை. நீராயின் உலர்ந்து மறைந்திருக்கும். மறையாமையால் எண்ணெய் என்பது தெளிவாயிற்று. மேலேயிருந்த பழுப்புக் கறையிலோ அவ்வாறு ஒன்றும் ஏறவில்லை.

இரண்டாவது, மேற்கறையின் உருவத்தை நோக்கினோம். அதன் ஓரம் நடுப்பகுதியைவிடக் கருத்து, வளையம் வளையமாக இருந்தது. நீர் பரவிப் பின் உலரும்போது தன்னோடு கொணர்ந்த அழுக்கையும் உப்பையும் ஓரத்தில் விட்டுச் செல்லும். அதனால் உண்டாவதே இவ்வளையம். தாளின் விளிம்பு சற்றே பெயர்ந்திருந்த இடத்தில், காரைமேல் வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருந்தது. சுவருக்குள் ஓதம் இருக்கின்றது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

மூன்றாவது, பக்கத்தில் தாள் ஒட்டாத வெறுஞ்சுவரில் ஒரு சாண் அளவுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை வைத்து, நாற்புறமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைத்தோம். நீர்த்துளிகள் தாளின் உட்புறத்தில், அதாவது சுவர்ப் பக்கத்தில், அரும்பியிருந்தன. ஆகவே ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகின்றது. வெளிப்புறத்தில் அரும்பியிருந்தால் அறைக்குள் உள்ள ஈரக் காற்றே காரணம் எனக் கொள்ளல் வேண்டும். பிறகு முதியவரையே மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று பார்த்தபோது, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் குழாயின் கீழே தளத்தில் வெடிப்பு ஒன்று இருந்தது.

ஆக, இருவர் சொல்லிலும் பாதி உண்மை. இருவர் சொல்லிலும் பாதி தவறு. கீழ்க்கறை விளக்கினுடையது, மேற்கறை தொட்டியினுடையது. இருவரும் சத்தியம் செய்திருந்தால் இருவருமே அறியாமல் பொய் சொன்னவர்களாகியிருப்பார்கள்.

இதன்பின் நடந்ததைக் கட்டுரையின் இறுதியில் சொல்வோம். அதற்குமுன் கறைகளைப் போக்கும் முறைகளைப் பார்ப்போம்.

சுவரின் இயல்பை அறிதல்

சுவர்கள் யாவும் ஒருதன்மையன அல்ல. நம் பாட்டிமார் காலத்துச் சுண்ணாம்புச் சுவரைக் கழுவுதல் கூடாது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக்கல்லின் தன்மையை அடைகின்றது. எலுமிச்சைச் சாறு, புளி, வினிகர் ஆகிய புளிப்புப் பொருள்கள் அதனை அரித்துவிடும். ஆதலின் கறை பட்ட இடத்தை மெல்லச் சுரண்டிவிட்டு மறுபடி வெள்ளையடிப்பதே வழி. எண்ணெய்க் கறையைச் சுரண்டாமல் அதன்மேல் அடித்தால் சில நாள்களில் அது மீண்டும் வெளியே தெரியும்.

பழைய வகை டிஸ்டெம்பர் பூச்சு ஈரத்துணி பட்டால் கையோடு வந்துவிடும். அதனை உலர்ந்த துணியால் தட்டுவதோடு நிற்க. எமல்ஷன் பூச்சு, மெல்லிய சோப்பு நீரைத் தாங்கும். எனாமல் பூச்சு இன்னும் உறுதியானது.

சுவர்த்தாளிலும் இருவகை உண்டு. வெறுங் காகிதத்தால் ஆயது ஒன்று. வினைல் என்னும் பிளாஸ்டிக் பூச்சு உடையது மற்றொன்று. கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு துளி நீரை இடுக. உறிஞ்சிக் கருத்தால் காகிதம். முத்துப்போல் நின்றால் வினைல். தாள் சுருளின் உறையில் நீரலை போன்ற குறிகள் அச்சிடப்பட்டிருக்கும். ஓர் அலையாயின் ஈரப் பஞ்சால் ஒற்றலாம் என்பது பொருள்; இரண்டு அலையாயின் ஈரத்தால் துடைக்கலாம்; மூன்றாயின் மெல்லிய சோப்பு நீரும் தாங்கும்; அலையோடு தூரிகையும் வரைந்திருந்தால் தேய்த்துக் கழுவலாம். எந்த முறையையும் முதலில் மறைவான மூலையில் சோதித்து, உலர்ந்தபின் பார்த்து, அதன்பின்னரே நடுச்சுவருக்கு வருதல் வேண்டும்.

புகையும் தூசியும்

விளக்குக் கரி, ஊதுவத்திப் புகை, சாலைத் தூசி ஆகியவற்றை முதலில் ஈரத்தால் தொடாதீர்கள். ஈரம் பட்டால் கரி மையாகிப் பரவிவிடும். உலர்ந்த மென்துணியை நீண்ட கழியில் கட்டி, மேலிருந்து கீழாகத் தட்டுக. பிறகு, முதல்நாள் ரொட்டியின் ஓரத்தை நீக்கி, உள்ளிருக்கும் வெண்பகுதியை உருட்டி, தாளின்மேல் ஒரே திசையில் மெல்ல ஒற்றி ஒற்றி எடுக்க. அழுக்கை அது பற்றிக்கொள்ளும். கறுத்ததும் மாற்றுக. உதிர்ந்த துணுக்குகளைப் பெருக்கிவிடவேண்டும். இல்லையேல் எறும்பு வரும்.

இம்முறையோடு தொடர்புடைய சுவையான வரலாறு ஒன்று உண்டு. மேனாடுகளில் வீட்டைச் சூடாக்க நிலக்கரி எரித்த காலத்தில் சுவர்த்தாள்கள் கரி படிந்து கிடக்கும். அவற்றைத் துடைப்பதற்கென்று 1930களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துக் குட்டால் நிறுவனம், பிசைந்த மாவு போன்ற ஒரு பொருளைச் செய்து விற்றது. பின்னர் நிலக்கரி போய் எரிவாயுவும் எண்ணெயும் வந்தன. கழுவக்கூடிய வினைல் தாளும் வந்தது. மாவை வாங்குவார் இல்லை. அந்நிலையில் கே சூஃபால் என்னும் பாலர் பள்ளி ஆசிரியை அதனைக் குழந்தைகள் உருவம் செய்து விளையாடக் கொடுத்துப் பார்த்தார். அதுவே 1956 முதல் 'பிளே-டோ' என்ற விளையாட்டுப் பொருளாக விற்பனையாயிற்று. நம் பிள்ளைகள் இன்று சுவரில் அப்பி நமக்கு வேலை வைக்கும் அதே மாவு, சுவரைத் துடைக்கப் பிறந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது!

எண்ணெய்க் கறை

தலை சாய்த்த இடம், தாளிப்புத் தெறித்த இடம், விளக்கின் பக்கம் ஆகியவற்றில் எண்ணெய் படியும். காகிதத் தாளாயின் மேலே கூறியபடி வெள்ளைத் தாளும் இளஞ்சூடான இஸ்திரிப் பெட்டியுமே முதல் மருந்து. எண்ணெய் ஏற ஏறப் புதுத் தாள் வைக்கவேண்டும். எஞ்சியதற்கு முல்தானி மட்டியையோ சோள மாவையோ சிறிது நீரில் கெட்டியாகக் குழைத்துப் பூசி, இரவு முழுவதும் உலரவிட்டு, காலையில் மென்தூரிகையால் தட்டுக. வினைல் தாளுக்கு இஸ்திரிப் பெட்டி ஆகாது, உருகிவிடும். அதற்குப் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளிகளை ஒரு கிண்ணம் வெந்நீரில் இட்டு, நன்கு பிழிந்த துணியால் துடைத்து, நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த மற்றொரு துணியால் மீண்டும் துடைத்தால் போதும்.

பெரிய சுவரைக் கழுவும்போது கீழிருந்து மேலாகச் சோப்பு நீர் இடுக. மேலிருந்து தொடங்கினால், கீழே உலர்ந்த அழுக்கின்மீது நீர் ஒழுகிக் கோடு விழும். அக்கோடு எளிதில் போகாது.

மஞ்சளும் குங்குமமும்

இது நம்மவர் வீட்டுக்கே உரிய கறை. மஞ்சள் பட்ட சுவரைச் சோப்பால் தேய்த்து, அது இரத்தச் சிவப்பாக மாறக் கண்டு திகைத்தவர் பலர். திகைக்க வேண்டியதில்லை. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தவுடன் சிவக்கின்றது அல்லவா? அதே செயல்தான். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். புளிப்போடு சேர்ந்தால் மீண்டும் மஞ்சளாகும். சோப்பும் சோடாவும் காரம். ஆகவே மஞ்சள் கறைக்குச் சோப்பு இடாதீர்கள். வினைல் தாளிலும் எமல்ஷன் சுவரிலும், நீர் மிகுதியாகக் கலந்த வினிகரைத் துணியில் தொட்டு ஒற்றலாம். காகிதத் தாளை நனைக்கவே கூடாது. எவ்வகைச் சுவராயினும் இதற்கு நல்ல மருந்து கதிரவன் ஒளியே. மஞ்சளின் நிறம் வெயிலைத் தாங்காது. சன்னலைத் திறந்து வெயில் படவிட்டால் நாளடைவில் தானே வெளிறும். அது முடியாத சுவராயின் பொறுமைதான் வேண்டும். தேய்க்கத் தேய்க்கத் தாளின் பூவும் போய்விடும்.

பிள்ளைகளின் கைவண்ணம்

பென்சில் கோட்டுக்கு மென்மையான ரப்பர் போதும். மெழுகு வண்ணக் குச்சியின் கோட்டை வழுவழுப்பான கரண்டி ஓரத்தால் மெல்ல எடுத்துவிட்டு, காகிதத் தாளாயின் வெள்ளைத் தாளும் இளஞ்சூடும், வினைலாயின் சோப்பு நீரும் கொள்க. பந்துமுனைப் பேனாவின் மை கடினமானது. வினைலில், மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுக் கோட்டின்மேல் மட்டும் ஒற்றி எடுக்கலாம். அகலமாகத் தேய்த்தால் மை பரவும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். விளக்கையும் அடுப்பையும் அணைத்துவிட்டே எடுக்கவேண்டும். காகிதத் தாளில் பேனாக் கோடு விழுந்தால் அதனோடு போராடாதீர்கள். அதற்கு வேறு வழி உண்டு, பின்னர்ச் சொல்வோம்.

ஓதமும் பூசணமும்

ஓதக் கறையைத் துடைத்துப் பயன் இல்லை. நீர் வரும் வழியை அடைத்து, சுவரை நன்கு உலரவிட்டு, அதன்பின்னரே மேற்பூச்சோ தாளோ இடவேண்டும். ஈரச் சுவர்மேல் ஒட்டிய தாளின் பின்புறம் பூசணத்துக்கு நல்ல விளைநிலம். பசையே அதற்கு உணவு.

இதில் அலட்சியம் ஆகாது என்பதற்குப் பழைய சான்று ஒன்றைக் கூறுவோம். ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஷீலே என்பவர் 1775இல் செம்பும் பாடாணமும் சேர்ந்த ஓர் அழகிய பச்சை நிறத்தைக் கண்டுபிடித்தார். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் வீடுகளில் எண்ணற்ற சுவர்த்தாள்கள் அத்தகைய பாடாணப் பச்சையால் அச்சிடப்பட்டன. ஓதமுள்ள அறைகளில் வாழ்ந்தோர் நோயுற்றனர். ஈரத்தில் வளரும் பூசணம் அந்நிறத்திலுள்ள பாடாணத்தை நச்சு வாயுவாக மாற்றவல்லது என்பதை இத்தாலிய மருத்துவர் கோசியோ 1890களில் சோதனையால் காட்டினார். அவ்வாயு இன்னதென்று 1932இல் இங்கிலாந்தின் சேலஞ்சர் என்னும் வேதியியலார் தெளிவுபடுத்தினார். இன்றைய தாள்களில் அந்நிறம் இல்லை, அஞ்ச வேண்டா. ஆனால் பூசணம் இன்றும் அதே பூசணமே. அதன் நுண்துகள்கள் ஆஸ்துமா உள்ளோர்க்கும் குழந்தைகளுக்கும் தீங்கு செய்யும். பூசணம் பூத்த காகிதத் தாளைக் காப்பாற்ற முயலாது, நீர் தெளித்துத் துகள் பறவாமல் உரித்து எறிந்துவிடுக. கழுவத்தக்க சுவராயின் மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொண்டு, சோப்பு நீரால் துடைத்து, நன்கு உலர்த்துக.

மறவாமல் காக்கவேண்டியவை

இனிக் கூறுவன உயிரோடு தொடர்புடையவை. இவற்றை மட்டுமாவது தாயர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

பிளீச்சிங் பவுடரையோ அதன் திரவத்தையோ, கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் படைவீரர்களைக் கொல்ல ஏவப்பட்ட வாயு அதுவே. வினிகரோடு கலத்தலும் கூடாது. அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு கலத்தலும் கூடாது. தவறிக் கலந்து மூச்சுத் திணறினால் பாத்திரத்தைத் தேடிக்கொண்டு நில்லாமல் உடனே அறையை விட்டு வெளியேறி, நல்ல காற்றுக்கு வந்து, மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

மின்விசைப் பலகையைச் சுற்றித் துடைக்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்துக. எண்ணெய்க் கறைக்கு மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேண்டவே வேண்டா. ஆடும் நாற்காலிமேல் ஏறாதீர்கள். ஏணியை ஒருவர் பிடிக்க மற்றொருவர் ஏறுக.

பழைய வீட்டுக் கதவு, சன்னல், சுவர் ஆகியவற்றின் எனாமல் பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் இட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். அதன் தூள் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று இந்திய அரசு 2016இல் விதி வகுத்தது. 2017 நவம்பர் முதல் நாளிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சு எதுவாயினும் ஐயத்தோடு நோக்குதலே அறிவுடைமை. ஈரத்துணியால் துடைப்பதோடு நின்று, உரியும் பூச்சாயின் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்.

வழக்கின் முடிவு

கறைகள் இரண்டும் இருவேறு காரணத்தன என்று விளங்கியதும் முதியவரின் முகம் சற்றுத் தணிந்தது. மேற்கறை தம் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டார். கீழ்க்கறையை நாமும் அச்சகோதரியும் ஒரு முழு நாள் இருந்து ரொட்டியாலும், வெள்ளைத் தாளாலும், முல்தானி மட்டியாலும் முக்காற்பங்கு போக்கினோம். எஞ்சியது உற்றுப் பார்ப்போர்க்கே தெரியும். முதியவர் தலையசைத்துவிட்டுப் புறப்பட்டார்.

அப்போது அச்சகோதரி, "ஐயா, ஒரு நிமிடம்" என்றார். பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றினார். அதன் பின்னால் ஒரு சிறு குழந்தையின் கை அளவில், தாளின் பூவெல்லாம் தேய்ந்துபோன ஓர் இடம் சிவந்த கறையோடு இருந்தது. "போன வருஷம் பாப்பா மஞ்சள் கையை வைத்துவிட்டாள். சோப்புப் போட்டேன், சிவந்தது, பயந்து இன்னும் தேய்த்தேன். இவருக்கும் தெரியாது. நாள்காட்டியை மாட்டி மறைத்துவிட்டேன்" என்றார். அவர் சத்தியத்துக்கு ஏன் அஞ்சினார் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. அவர் கணவர் ஒன்றும் பேசாமல் தலைகுனிந்து நின்றார்.

முதியவர் அந்தக் கையளவுக் கறையை நெடுநேரம் பார்த்தார். பிறகு கீழே போய், பரணிலிருந்து தூசி படிந்த ஒரு சுருளைக் கொண்டுவந்து நீட்டினார். மகள் திருமணத்துக்கு வாங்கியதில் மீந்த தாள்! பேனாக் கோட்டுக்கும் இத்தகைய தேய்மானத்துக்கும் வேறு வழி உண்டு என்றோமே, அது இதுதான். மீந்த தாளில் அதே பூ வரும் இடத்தைப் பார்த்து, கத்தரியால் வெட்டாமல், விளிம்பு மெலியும்படி கையால் கிழித்து எடுக்கவேண்டும். பின்புறம் பசை தடவி, பூவோடு பூ பொருந்த வைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துணியால் அழுத்தவேண்டும். வெட்டிய விளிம்பு கோடாகத் தெரியும். கிழித்த விளிம்பு தெரியாது. ஆகவே சுவர்த்தாள் ஒட்டும் குடும்பத்தார் மீந்த துண்டை எறியாமல் சுருட்டி வைத்தல் வேண்டும்.

புதிய துண்டு மட்டும் பழைய தாளைவிடச் சற்றுப் பளிச்சென்று இருந்தது. "இருக்கட்டும் அம்மா, வெயில் பட்டால் சரியாகிவிடும்" என்றார் முதியவர். முன்பணம் முழுவதையும் மறுநாள் கொடுத்துவிட்டார். இவர்கள் வற்புறுத்தியும் பசைக்கான காசைக்கூட வாங்கவில்லை. ஊரை விட்டுப் புறப்படுமுன் இரு குடும்பத்தாரும் காணிப்பாக்கம் சென்று வந்தார்கள் என்று அறிந்தோம். சத்தியம் செய்வதற்கன்று, அர்ச்சனை செய்வதற்கு.

சகோதரிகளே! வாடகை வீட்டில் புகும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும் வீட்டுக்காரரோடு சேர்ந்து பார்த்து, இருக்கும் கறைகளை நிழற்படம் எடுத்து, நாளிட்டு இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுக்கு தெரிந்தால் அன்றே எழுத்தில் சொல்லுங்கள். விளக்குக்குப் பின்னால் ஒரு சிறு கண்ணாடிப் பலகையோ ஓடோ நிறுத்திவிட்டால் பாதிக் கறை வாராது. நம்மால் ஒரு கறை நேர்ந்துவிட்டால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாள்காட்டியால் மறைத்த கறை ஓராண்டுக் காலம் அந்தப் பெண்ணின் மனத்தில் அல்லவா இருந்தது!

சமையலறைச் சுவரின் பிசுக்கையும், எரிவாயு அடுப்பின் மேலுள்ள கூரைக் கருமையையும் பற்றி அடுத்த திங்கள் எழுதக் கருதியுள்ளோம். நீங்கள் கைக்கொண்டு பயன் கண்ட முறைகள் இருப்பின் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். நம் குடும்பங்கள் யாவும் அவற்றால் பயன் பெறட்டும்.